பதினொன்றாவது கேள்வி

ஆற்றங்கரைத் தெரு, ஹார்பெக்
4 நவம்பர் 2014

அன்புத் தங்கை மேவிஸுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நாரிச்சில் இன்னும் வெயில் அடிக்கிறதாமே, அதில் ஒரு கைப்பிடி இந்தப் பக்கம் அனுப்பு. இங்கே பதினோரு நாளாக மழை விட்டபாடில்லை.

போன் செய்யாமல் எழுதுகிறேன் என்று கோபிக்காதே. புதுக் காதுக்கருவி மாட்டியும், நீ போனில் கத்துவது என்னைவிடப் பக்கத்து வீட்டு ஹாரிசனுக்குத்தான் நன்றாகக் கேட்கிறது.

விஷயம் இதுதான். வீட்டுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிற இன்சூரன்ஸ் டிசம்பர் 15-ஆம் தேதியோடு முடிகிறது. ஃபார்ம் வந்தது. கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் எழுதி அனுப்பினேன். போன வருடம் 390 பவுண்டு கட்டினேன். இந்த வருடம் 905 கேட்கிறார்கள்! ஆறு அதே ஆறு, வீடு அதே வீடு. ஆறு என் சமையலறைக்குள் வந்து போனது இரண்டு வருடத்துக்கு முன்பு. அதற்கு அப்போதே விலையை ஏற்றிவிட்டார்கள். எழுபத்தொரு வயதில், பஸ் ஓட்டிய பென்ஷனில், நான் எங்கே போவேன்?

முப்பத்தொரு வருடம் இன்சூரன்ஸ் ஆபீசில் குப்பை கொட்டியவள் நீ. இந்த விலையை எப்படித்தான் போடுகிறார்கள் என்று புரிகிற மாதிரி சொல்லு. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உன் அண்ணன்,
க்ளிஃபர்ட்


நாரிச்
7 நவம்பர் 2014

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். நீ எழுதுகிறாய் என்றால் வீட்டில் ஏதோ ஒழுகுகிறது என்று அர்த்தம். முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் முனகுகிறது. இஞ்சிக் கேக் ஒன்று தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒரே நாளில் தின்று தீர்க்காதே.

இன்சூரன்ஸ் விலை யாரோ மனம்போல் போடுவதில்லை. ஆறு எவ்வளவு பக்கம், முன்பு எத்தனை தடவை பணம் கேட்டிருக்கிறாய், அந்தத் தெருவில் திருட்டு உண்டா, அடுப்புக்கு விறகா நிலக்கரியா, புகைபோக்கியை வருடம் தவறாமல் துடைக்கிறாயா, பின்கட்டில் தட்டைக் கூரை இருக்கிறதே அது எந்த நிலைமை, வருடத்தில் எத்தனை நாள் வீடு பூட்டிக் கிடக்கும், உள்ளே விலையுயர்ந்த பொருள் என்ன: இத்தனையும் சேர்ந்துதான் விலை. முக்கியமாக ஒன்று. வீட்டை விற்றால் வருகிற விலையை எழுதினாயா, இடிந்தால் திரும்பக் கட்ட ஆகும் செலவை எழுதினாயா? பாதிப் பேர் முதலாவதை எழுதிவிட்டு மண்ணுக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் கட்டுகிறார்கள். நீயும் அந்தக் கட்சிதான் என்று பந்தயம் கட்டுகிறேன்.

ஒவ்வொன்றுக்கும் பதில் எழுது. நீ அனுப்பிய ஃபார்முக்கு ஒரு நகலும் அனுப்பு.

நவம்பர் வந்தாலே எனக்கு ஆவதில்லை. டங்கனுக்கு இந்த மாதம் முப்பது முடிகிறது. ஜெயிலிலிருந்து வெளியே வந்து நாலு வருடமாகிவிட்டது. இருக்கிறேன் என்று பெற்றவளுக்கு ஒரு வரி போடவில்லை. சரி, அதை விடு.

குளிரில் கழுத்தைச் சுற்றிக்கொள்.

உன் தங்கை,
மேவிஸ்


ஹார்பெக்
13 நவம்பர் 2014

அன்புத் தங்கைக்கு,

கேக் வந்து சேர்ந்தது, போயும் சேர்ந்தது. இரண்டே நாள். நன்றி. அம்மா செய்வதைவிட நன்றாக இருந்தது என்று சொன்னால் அவள் கல்லறையிலிருந்து எழுந்து வருவாள், அதனால் சொல்லவில்லை.

பந்தயத்தில் நீ ஜெயித்தாய். விற்கிற விலையைத்தான் எழுதியிருக்கிறேன். ஃபார்மில் "வீட்டின் மதிப்பு" என்று கேட்டால் மனிதன் வேறு என்னத்தை எழுதுவான்?

மற்றதற்கெல்லாம் பதில். புகைபோக்கி செப்டம்பரில் துடைத்தாயிற்று. பின்கட்டுத் தட்டைக் கூரைக்கு இந்தக் கோடையில் புதுத் தார் ஷீட் ஒட்டியாயிற்று. கூரை ஓரத்துத் தண்ணீர்க் குழாயில் அடைப்பு இல்லை. வீடு ஒரு நாளும் பூட்டிக் கிடப்பதில்லை. தெருவில் கடைசியாகத் திருடு போனது ஹாரிசனின் ரோஜாத் தொட்டி. அதையும் அவர் மனைவிதான் தூக்கிப் போட்டாள் என்று எனக்கு ஒரு சந்தேகம். விலையுயர்ந்த பொருள்? டி.வி., என் பழைய ஊதுகொம்பு. அவ்வளவுதான்.

நகல் இதோடு இருக்கிறது. நாலாம் பக்கம் நூலக மிஷினில் சரியாக விழவில்லை. அதில் ஒன்றும் பெரிதாக இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மனதையும்தான்.

க்ளிஃபர்ட்


நாரிச்
17 நவம்பர் 2014

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

ஃபார்மைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். உன் பதில் ஒவ்வொன்றும் விலையைக் குறைக்க வேண்டிய பதில். திரும்பக் கட்டும் செலவை எழுதியிருந்தால் இன்னும் ஒரு நூறு குறைந்திருக்கும். ஆனால் போன வருடமும் நீ அதே தப்பைத்தான் செய்திருப்பாய், அப்போது 390 தானே? அதனால் 905-க்கு அது காரணமில்லை. இது யாரோ சின்னப் பையன் கம்ப்யூட்டரில் போட்ட குளறுபடி.

நான் சொல்கிறபடி எழுது: "என் விண்ணப்பத்தை ஒரு மூத்த அதிகாரி முழுவதுமாக மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன்." இந்த வரி போனால் ஃபைல் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு மனிதரின் மேஜைக்கு வந்தாக வேண்டும். எங்கள் ஆபீசில் அப்படி வந்தவற்றில் பாதிக்கு நானே விலையைக் குறைத்திருக்கிறேன். கவலைப்படாமல் தூங்கு.

ஒன்று கேட்க மறந்தேன். இடுப்பு வலிக்குக் கைத்தடி வைத்திருக்கிறாய். கூரை மேல் ஏறித் தார் ஷீட் ஒட்டியது யார்? கூலி ஆள் என்றால் ரசீதை அனுப்பு, அதையும் சேர்த்துக் காட்டலாம். நாலாம் பக்கத்தையும் இன்னொரு தடவை முயற்சி செய்.

மேவிஸ்


ஹார்பெக்
28 நவம்பர் 2014

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்காலுக்கு டாக்டர் என்ன சொன்னார்?

நீ சொன்ன வரியை அப்படியே எழுதினேன். ஃபைல் மனிதரின் மேஜைக்குப் போனது. அந்த மனிதர் பதில் எழுதிவிட்டார். "வீட்டிலுள்ள நிலைமை" மாறினால் பழைய விலைக்கே தருவார்களாம். மாறாவிட்டால் டிசம்பர் 15-க்குப் பிறகு எந்த விலைக்கும் பாலிசி கிடையாது. 905-க்கும் இல்லை.

நிலைமை மாறாது மேவிஸ். நான் மாற்ற மாட்டேன். அதை மட்டும் என்னிடம் கேட்காதே. இந்தக் குளிர்காலம் இன்சூரன்ஸ் இல்லாமல்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆறு வந்தால் வரட்டும். தரைவிரிப்பை இப்போதே மாடிக்கு ஏற்றியாயிற்று.

உன்மேல் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. இவ்வளவு தூரம் எனக்காக மெனக்கெட்டாயே, அதற்கு நன்றி.

க்ளிஃபர்ட்


நாரிச்
1 டிசம்பர் 2014

அன்புள்ள அண்ணா,

என் முழங்காலை விடு. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

நான்தான் கெடுத்தேன். 905-க்காவது தந்திருப்பார்கள், கெட்டிக்காரி மாதிரி மறுபரிசீலனை கேட்க வைத்து அதையும் பறித்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

நாலாம் பக்கம் இனி வேண்டாம். அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். எந்தக் கம்பெனி ஃபார்மாக இருந்தாலும் முடிவுக்குப் பக்கத்தில் அந்தக் கேள்வி இருக்கும். உன் மூன்றாம் பக்கம் பத்தாவது கேள்வியோடு நிற்கிறது, அப்படியானால் இது பதினொன்று: "உங்கள் வீட்டில் வசிக்கும் எவராவது குற்றத்துக்காகத் தண்டனை பெற்றதுண்டா?" அதற்கு "ஆம்" என்று எழுதி வந்த ஃபைல்களை முப்பத்தொரு வருடம் நான் ஒரு தனித் தட்டில் வைத்தேன். அந்தத் தட்டிலிருந்து பாலிசியோடு திரும்பிப் போனவை மிகக் குறைவு. அந்த ஆள் எங்கே தூங்குவான் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

நீ எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். யாருக்கோ வாக்குக் கொடுத்திருப்பாய், அதை உடைக்காதே. நானே பேசுகிறேன்.

என் மோதிரங்கள் காணாமல் போனபோது நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். கிளெய்ம் ஃபார்மை எடுத்தேன். இன்சூரன்ஸ்காரி வேறு எதை எடுப்பாள்? போலீசில் புகார் எண் வாங்கினால்தான் கிளெய்ம் என்பதால் புகார் கொடுத்தேன். "கதவு உடைக்கப்பட்டதா?" இல்லை. "வேறு யாரிடம் சாவி இருக்கிறது?" என் மகனிடம். உண்மையைத்தான் எழுதினேன் அண்ணா, எழுதும்போது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அவர்கள் அவன் அறைக்குப் போனார்கள். திருடு போயிருந்த வேறு மூன்று வீட்டுப் பொருள்களும் அங்கே கிடந்தன. பதினாலு மாதம் போட்டார்கள். முதலில் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இப்போது நடக்க வேண்டியது. லீட்ஸில் ஒரு தரகர் இருக்கிறார், பெர்னார்ட் டக்வொர்த். எல்லோரும் தள்ளிவிடுகிற வீடுகளுக்குப் பாலிசி பிடித்துக் கொடுப்பதே அவர் தொழில். நாளைக்கே அவரிடம் பேசுகிறேன். விலை கூடத்தான் இருக்கும். ஆனால் காலமெல்லாம் கட்ட வேண்டாம். பதினாலு மாதத் தண்டனை என்றால், பாதியில் வெளியே விட்டாலும், அந்தப் பதினாலு மாதமும் முழுதாக முடிந்த நாளிலிருந்து நாலு வருடம் கழிந்தால் சட்டப்படி அது தீர்ந்த கணக்கு. அதற்குப் பிறகு அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று எழுதலாம், பொய்யாகாது. அந்த நாள் அடுத்த மே மாதம் 19. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே, எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

ஒன்றே ஒன்று எழுது. உன் கூரைக்குத் தார் ஷீட் ஒட்டியவனுக்கு உடம்பு நன்றாக இருக்கிறதா?

மேவிஸ்


ஹார்பெக்
4 டிசம்பர் 2014

என் தங்கைக்கு,

கூரை போட்டவன் நன்றாக இருக்கிறான். இளைத்துப் போய் வந்தான், இப்போது சதை பிடித்திருக்கிறது. உன் கேக்கில் முக்கால்வாசி அவன் தின்றதுதான்.

வாக்கை நான் உடைக்கவில்லை, நீயாகக் கண்டுபிடித்தாய். இனி எழுதலாம் என்று நினைக்கிறேன்.

ஏப்ரலில் ஒரு நாள் காலை, கொட்டுகிற மழையில் வாசலில் நின்றான். "மாமா, மழை விடுற வரைக்கும் நிக்கட்டுமா?" என்றான். "இந்த ஊர்ல மழை எப்படா விட்டிருக்கு, உள்ள வா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. போதையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. இப்போது மரக்கடையில் வேலை. சட்டையை அவனே இஸ்திரி போடுகிறான், என்னுடையதையும் சேர்த்து.

ஃபார்ம் வந்த அன்று மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நாலாம் பக்கம் வந்ததும் என் பேனா நின்றது. அவன் பார்த்துவிட்டான்.

"இல்லைன்னு எழுதுங்க மாமா. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"வெள்ளம் வந்தா பாப்பாங்கடா. அப்ப ஒரு காசு தர மாட்டாங்க."

"அப்ப நான் கெளம்பிடறேன். 'இல்லை'ன்னு எழுதினாலும் நெசமாயிடும்."

"வாய மூடு. டீ ஆறுது, குடி."

"ஆம்" என்று எழுதினேன். அவன் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டான். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்து, "அம்மாவுக்கு மட்டும் நான் இங்க இருக்கறது தெரிய வேணாம் மாமா. முகத்த எப்படிக் காட்டுவேன்?" என்றான். நான் தலையாட்டினேன்.

இவ்வளவு மறைத்துவிட்டு உன்னிடமே போய் விலை ஏன் ஏறியது என்று கேட்டேனே! காரணம் தெரியாமல் கேட்கவில்லை மேவிஸ். காரணத்தைச் சொல்லாமலே நீ விலையைக் குறைத்துத் தருவாய் என்று நினைத்த கிழட்டு முட்டாள் நான்.

க்ளிஃபர்ட்


நாரிச்
9 டிசம்பர் 2014

அண்ணா,

டக்வொர்த் ஒத்துக்கொண்டார். 1,140 பவுண்டு, வெள்ளத்துக்கும் சேர்த்து. ஒன்றையும் மறைக்காமல் அவரிடம் சொன்னேன். "அந்த ஆள் உங்களுக்கு யாரு மேடம்?" என்று கேட்டார். என் பையன் என்றேன். நாலரை வருடமாக அந்தச் சொல்லை யாரிடமும் சத்தமாகச் சொன்னதில்லை. சொல்லிவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

கூடுதலாகிற தொகையை நான் கட்டியாயிற்று. திருப்பி அனுப்பினால் அடுத்த ரயிலில் வந்து உன் காதில் கத்துவேன்.

நீ எனக்குச் செய்ததற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பெற்றவள் வீட்டில் இடமில்லாதவனுக்கு நீ இடம் கொடுத்தாய், அதுவும் உண்மையை எழுதிவிட்டுக் கொடுத்தாய். நாலு வருடமாக எந்தப் பாலத்தடியில் கிடக்கிறானோ என்று நினைத்துக்கொண்டே படுப்பேன். அவன் சட்டைக்கு இஸ்திரி போடுகிறான் என்கிறாய்!

எனக்குத் தெரியும் என்று நீயாகச் சொல்ல வேண்டாம். அவனாகக் கேட்டால் சொல்லு.

மேவிஸ்


ஹார்பெக்
16 ஜனவரி 2015

அன்புத் தங்கைக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள், கொஞ்சம் தாமதமாக. உன் முழங்காலுக்குக் கம்பளி உறை அனுப்பியிருக்கிறேன். தேர்ந்தெடுத்தது நான் இல்லை.

திங்கள்கிழமை ஆறு எழும்பியது. மத்தியானம் சைரன் ஊதினார்கள். தெரு முழுக்க மணல் மூட்டை சுமந்தது டங்கன்தான். ஹாரிசன் வீட்டுக்கு மட்டும் நாற்பது. தண்ணீர் என் வாசலின் இரண்டாவது படி வரைக்கும் வந்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இறங்கிப் போனது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பார்த்தேன். பாலிசி இருக்கிறவன் வெள்ளத்தைப் பார்ப்பதே ஒரு தனி தினுசு. உனக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

மறுநாள், மாடிக்கு ஏற்றிய காகிதங்களை அடுக்கும்போது டக்வொர்த்தின் ரசீதைப் பார்த்துவிட்டான். அதில் பணம் கட்டியவர் என்று உன் பெயர் இருந்தது. ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"பாலிசி வாங்கறதுக்கு முன்னாடியே."

"தெரிஞ்சுமா கட்டினாங்க?"

"தெரிஞ்சதாலதான்டா கட்டினா."

ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நான் திருப்பிக் கேட்கவில்லை. அவசரப்படுத்தாதே மேவிஸ்.

க்ளிஃபர்ட்


ஹார்பெக்
22 மே 2015

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா? மாமா நன்றாக இருக்கிறார். இடுப்பு வலி குறைந்திருக்கிறது. நானும் நன்றாக இருக்கிறேன்.

ஜனவரியிலிருந்து எழுத ஆரம்பித்து எத்தனையோ காகிதம் கிழித்துவிட்டேன். இன்றைக்கு எழுத ஒரு காரணம் கிடைத்தது. 19-ஆம் தேதி தாண்டிவிட்டது. டக்வொர்த் சார் வேறு ஒரு நல்ல கம்பெனி ஃபார்மை அனுப்பினார். மாமா கேள்வியைப் படிக்கச் சொன்னார், நான் படிக்கப் படிக்க அவர் எழுதினார். திரும்பக் கட்டும் செலவு என்று வந்ததும், "உங்கம்மா சொன்னத எழுதறேன், சரியா இருக்கும்" என்றார்.

அந்தக் கேள்வி இதில் ஒன்பதாவதாக வந்தது. நான் விரலை மட்டும் அந்த வரியில் வைத்தேன். மாமாவே தலையை நீட்டிப் படித்து, "இல்லை" என்று எழுதினார். "பொய் இல்லையே மாமா?" என்றேன். "சட்டம் சொல்லுது, உங்கம்மாவும் சொல்றா. ரெண்டு பேரையும் எதிர்த்துக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றார். 405 பவுண்டுதான் கேட்டிருக்கிறார்கள்.

அம்மா, உங்கள் மோதிரங்களை நான் எடுத்தேன். போலீஸ், கோர்ட்டு எல்லா இடத்திலும் ஒத்துக்கொண்டேன், உங்களிடம் மட்டும் சொன்னதில்லை. நீங்கள் ஃபார்மில் உண்மையை எழுதினீர்கள் என்பதில் எனக்குக் கோபம் இருந்தது. ரொம்ப நாள் இருந்தது. மாமா என் கண் முன்னால் உண்மையை எழுதிவிட்டு என்னைப் போகவிடாமல் பிடித்து வைத்ததும் அது போய்விட்டது.

குளிர்காலம் முழுக்க நான் நிம்மதியாகத் தூங்க நீங்கள் பணம் கட்டினீர்கள். நன்றி அம்மா. உங்களைப் பார்க்க வரலாமா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

டங்கன்


நாரிச்
25 மே 2015

என் டங்கனுக்கு,

நான் சுகம். நீ தேர்ந்தெடுத்த கம்பளி உறையைத்தான் கட்டியிருக்கிறேன்.

உன் கடிதத்தைக் காலையிலிருந்து கையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். என் பக்கமும் ஒன்று சொல்லாமல் இருக்கிறது. உன்னிடம் கேட்காமல் அந்த ஃபார்மை எழுதினேன். எழுதியது உண்மைதான், ஆனால் உன்னிடம் முதலில் வந்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

இன்னொன்று. இதை உன் மாமாவிடம்கூடச் சொன்னதில்லை, முப்பத்தொரு வருடம் இன்சூரன்ஸில் இருந்தவளா இப்படி என்று சிரிப்பார். நீ போன பிறகு என் கம்பெனி ஒரு கடிதம் போட்டது: வாசல் பூட்டை மாற்றுங்கள், மாற்றாவிட்டால் பிரீமியம் கூடும் என்று. ஒவ்வொரு வருடமும் ஃபார்மில் கேட்கிறார்கள், பூட்டை மாற்றியாகிவிட்டதா என்று. ஒவ்வொரு வருடமும் "இல்லை" என்று எழுதிக் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஐந்து வருடமாகிவிட்டது.

சனிக்கிழமை வா. உன் சாவி இருந்தால் எடுத்துக்கொண்டு வா, தொலைந்திருந்தால் மணியை அடி. பூட்டு கொஞ்சம் இறுகிப் போயிருக்கிறது, கதவை உன் பக்கம் லேசாக இழுத்துக்கொண்டு திருப்பு.

அம்மா